மூன்று மாதப் பெட்ரோல்

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் செய்யப்போகிறேன் என்று யாராவது எங்கள் ஆபீஸ் படியேறி வந்தால், நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வண்டி இதுவரைக்கும் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதுதான். வந்தவர் திகைப்பார். வருமான வரி பற்றிக் கேட்க வந்த இடத்தில் மெக்கானிக் கேட்கிற கேள்வியைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

போன பங்குனியோடு நான் ஓய்வு பெற்றேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஷாலினி பத்து நாளைக்கு முன் போன் செய்தாள். "அக்கா, இப்பல்லாம் செல்போனே போன இடத்தை எல்லாம் எழுதி வச்சிடுது. இதெல்லாம் பழக்கத்துக்கு வராத காலத்துல வண்டிச் செலவை எப்படிக்கா நிரூபிச்சீங்க?" என்றாள். ஏதோ இரண்டு வரி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் அன்று மதியம், ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் படுத்து, கடற்காற்றில் கண் அயரும் நேரத்தில், நான் ஒருநாளும் ஓட்டிப் போகாத சாலைகள் ஒவ்வொன்றாக வந்தன. திருவொற்றியூர் நெடுஞ்சாலை. எண்ணூர் விரைவுச் சாலையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் லாரி வரிசை. மணலி புதுநகர் தாண்டி, வல்லூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிய ஆரம்பிக்கும் திருப்பம். எல்லாமே நான் காதால் பார்த்த சாலைகள். ஷாலினிக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

கல்மண்டபம் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆடிட்டர் ஆபீஸ். பி.காம். முடித்த கையோடு சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் காகிதத்தில் ஓட்டை போட்டு நூல் கோத்தேன். அடுத்த இரண்டு வருடம் பாஸ்புக்கைக் கூட்டினேன். ஐந்தாம் வருடம் கோதண்டம் சார் என்னைத் தன் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதன்பிறகு இருபத்தெட்டு வருடம் அந்த நாற்காலிதான்.

கோதண்டம் சாருக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும். தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் நடந்தே வருவார். அப்படிப்பட்டவரிடம்தான் வட சென்னையில் பாதிப்பேர் தங்கள் வண்டிக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். துறைமுகத்தில் கணக்கெடுப்பவர், கப்பல் சரக்குக்குக் காகிதம் பார்ப்பவர், வெல்டிங் பரிசோதகர், வீடுவீடாகப் போகும் நர்ஸ். எல்லோரும் ஒரு காலத்தில் எங்கேயோ சம்பளம் வாங்கியவர்கள். பிறகு அதே வேலையைத் தனியாகச் செய்ய வந்தவர்கள்.

சம்பளக்காரர் தன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டேன் என்று வரியில் கழிக்க முடியாது. தொழில் செய்பவர் கழிக்கலாம். ஆனால் அவர் வைத்திருப்பது பெரும்பாலும் அதே பழைய வண்டிதான். நேற்றுவரை பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப்போன வண்டி இன்றிலிருந்து தொழிலுக்கு ஓடுகிறது. எந்த நாளில் அது மாறியது, மாறிய பிறகும் எத்தனை ஓட்டம் தொழிலுக்கு, எத்தனை வீட்டுக்கு என்று பிரிக்க வேண்டும். அதனால்தான் வேலையை விட்ட அன்று மீட்டரில் இருந்த எண்ணைக் கேட்போம். பெரும்பாலானவர்கள் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். அப்போது சர்வீஸ் பில்லைத் தேடுவோம். வண்டியைச் சர்வீஸுக்கு விட்ட தேதியும் ஓடிய கிலோமீட்டரும் அதில் இருக்கும். இரண்டு பில் கிடைத்தால் நடுவில் ஒரு கோடு இழுத்து, வேலையை விட்ட நாளின் எண்ணைக் கணக்கிட்டுவிடலாம்.

அதற்குப் பிறகுதான் சாருடைய முறை. "எத்தனை கிலோமீட்டர் போனீங்க?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கைகளை வயிற்றின்மேல் கோத்து, கண்களை மூடிக்கொள்வார். "ஒரு நாள் போன வழியைச் சொல்லுங்க. நான் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன்" என்பார்.

வந்தவர் முதலில் தயங்குவார். பிறகு சொல்ல ஆரம்பிப்பார். சொல்லச் சொல்ல அவர் குரல் மாறும். மின்விசிறி சுற்றும். கீழே மீன் கூடைகள் ஏற்றிய ஆட்டோ போகும் சத்தம் கேட்கும். சார் மூச்சு சீராக வரும். தூங்கிவிட்டாரோ என்று நினைப்போம். வழி எங்காவது பொய்யாகும்போது மட்டும் வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல எழும். ஒருமுறை ஒருவர் அழகான நோட்டு ஒன்று கொண்டுவந்தார். ஒவ்வொரு நாளும் நாற்பது கிலோமீட்டர், வருடம் முழுக்க. சார் கண்ணைத் திறக்காமலே, "மழை பெஞ்ச அன்னைக்குமா?" என்றார். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போய், இரண்டு வாரம் கழித்து உண்மையான பில்களுடன் வந்தார்.

டில்லிபாபு வந்தது ஒரு ஜனவரி மாதம். காலடிப்பேட்டைக்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கூட அவர் மனைவி குமுதா. மாநகராட்சிப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். டில்லிபாபு குளிர் கன்டெய்னர் மெக்கானிக். கப்பலில் போகும் இறாலும் மருந்தும் வைக்கிற, தானே குளிரூட்டிக்கொள்ளும் பெட்டிகளை, அவற்றை அடுக்கிவைக்கும் யார்டு யார்டாகப் போய்ப் பழுதுபார்ப்பவர். ஒரு கம்பெனியில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, முந்தைய நிதியாண்டில் ஜூலைக் கடைசியில் விலகித் தனியாக வந்தவர். வரிப் படிவத்தைக் கடைத்தெருவில் ஒரு ஆன்லைன் மையத்தில் கொடுத்து நிரப்பியிருக்கிறார். அவர்கள் அவருடைய பழைய வெள்ளை வேனின் பன்னிரண்டு மாதச் செலவையும் அப்படியே தொழில் செலவாகப் போட்டுவிட்டார்கள். இப்போது வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ்.

"இன்னா கேக்கறாங்கன்னே புரியல சார்" என்று நீட்டினார்.

நோட்டீஸ் தெளிவாகவே கேட்டிருந்தது. ஜூலை வரை சம்பளம் வாங்கியவருக்கு ஏப்ரலிலிருந்து ஏது தொழில் செலவு? முதல் பில் நவம்பரில்தான் போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் வண்டி எங்கே போனது? ஓடிய தூரத்துக்கு இவ்வளவு பெட்ரோல் எதற்கு? பதினைந்து நாளில் பதில் வேண்டும். பதிலை எல்லாம் கணினி வழியாகவே ஏற்ற வேண்டும். படிக்கப்போகும் அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது.

ஏப்ரல் முதல் ஜூலை வரை உள்ளதைச் சார் பேசாமல் அடித்தார். "இது தப்பு. நாமே விட்டுடறோம்னு எழுதிடலாம்." டில்லிபாபு தலையாட்டினார். பிறகு சார் சாய்ந்து கண்ணை மூடினார். "டிசம்பர்ல ஒரு நாள் சொல்லுங்க."

டில்லிபாபு மாதிரி வழி சொன்னவரை நான் பார்த்ததில்லை. "காலைல ஏழுக்கு மணலி வழியா போறேன் சார். ரீபைனரியாண்ட டேங்கர் லாரி நிக்கும். ஒன்னு பின்னால ஒன்னு, யானை கணக்கா. அந்த வாசன மூக்குல ஏறிச்சின்னா வண்டி இன்ஜினே இருமறாப்பல இருக்கும். அப்பால புதுநகரு. வல்லூர் கிட்ட போவசொல்ல மூடுபனியா சாம்பலான்னு தெரியாது சார், ஒரு வெள்ள. அதுக்குள்ள பூந்து போவணும். லைட்டு போட்டுகினு. யார்டு கேட்டாண்ட ஒரு மணி நேரம் நிக்கணும். இன்ஜின ஆப் பண்ணா வரிச நவுந்துடும், பின்னால கீறவன் ஆரன் அடிப்பான். ஆன்லயேதான் வெச்சிகினு நிப்பேன்."

சார் முகத்தில் மெல்லிய புன்னகை. அவர் அந்த வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தார். நானும்தான். "எழுதிக்கோ சுகந்தி. அங்க நிக்கிற ஒரு மணி நேரத்துக்குப் பெட்ரோல் போகுது. வல்லூரைப் பார்க்காத ஆளுக்கும் புரியற மாதிரி எழுதணும்" என்றார். நோட்டீஸின் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"இப்ப ஆகஸ்ட்ல ஒரு நாள்."

டில்லிபாபு நாற்காலியின் நுனிக்கு வந்தார். "எட்டு மணிக்குக் கெளம்புவேன் சார். திருவொற்றியூரு தாண்டி, அப்டியே கடலோரமா கத்திவாக்கம்..." நின்றார்.

"எந்த யார்டுக்கு?"

"மீஞ்சூரு சார். மீஞ்சூரு யார்டு."

சாரின் விரல் எழுந்தது. "மீஞ்சூருக்கு மணலி புதுநகர், வல்லூர் வழியாத்தானே போவீங்க? இப்பதானே அந்த வழியைச் சொன்னீங்க. கத்திவாக்கம் ஏன் வந்தோம்?"

டில்லிபாபு கொண்டுவந்த பெட்ரோல் பில்களை நான் ஏற்கெனவே தேதிவாரியாக மேசைமேல் அடுக்கியிருந்தேன். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் பாதிவரை மூன்று நாளுக்கு ஒரு பில். எல்லாம் எண்ணூர் போகும் வழியில் ஒரே பங்க். வேலை செய்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்ததைப் பார்த்தேன். சார் கண்ணைத் திறந்தார். அவரும் பார்த்திருக்க வேண்டும்.

"அந்த மாசங்களையும் விட்டுடலாம்" என்றார் சார் மிக மெதுவாக. "நான் எதுவும் கேக்கல. நவம்பர்லேருந்து ஆன செலவை மட்டும் கேப்போம்."

இருபத்தெட்டு வருடத்தில் கட்சிக்காரர் ஒருவரிடம் சார் கேள்வி கேட்காமல் விட்டது அன்று ஒருநாள்தான். டில்லிபாபுவுக்கு அது போதுமானதாக இருந்தது. பில்களை எடுக்கக் கை நீட்டினார். குமுதாதான் குறுக்கே வந்தார்.

"இன்னாத்துக்கு சார் வுடணும்? கேளுங்க. இன்னாபா, நீயே சொல்லேன். நெட்டுகுப்பத்துக்குப் போனன்னு சொல்லு."

டில்லிபாபுவின் கை அப்படியே நின்றது. நெட்டுகுப்பம் எண்ணூரில் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பு. அங்கே எந்த யார்டும் இல்லை.

"உனுக்கு எப்டி தெரியும்?"

"எங்க சின்னம்மா வூடு அங்கதான கீது. மொத வாரமே போன் பண்ணிச்சி. உன் வூட்டுக்காரரு வண்டிய கரையாண்ட நிறுத்திகினு தண்ணியவே பாத்துகினு குந்திகினு கீறாரே, இன்னா சமாச்சாரம்னு. லீவுல கீறாருன்னு சொன்னேன்."

"மூணு மாசமா?"

"ஆமா. மூணு மாசமா லீவு."

அவர் வேலையை விட்டதையே மூன்று மாதம் வீட்டில் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சேமிப்பை எடுத்து மாதாமாதம் சம்பளம் மாதிரிக் கொடுத்திருக்கிறார்.

"தெரிஞ்சிகினு ஏன் கேக்கல?" என்றார் டில்லிபாபு.

"தெனம் காலைல கம்பெனி பேரு போட்ட சட்டய மாட்டிகினு கெளம்புவ. சோறு கட்டிக் குடுப்பேன், வாங்கிகினு போவ. கேட்டா நீ அந்தச் சட்டய கழட்டணுமே. அதான் கேக்கல."

நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். டில்லிபாபு குடித்தார். பிறகு எங்களைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். கம்பெனியில் ஒரு கன்டெய்னர் இறால் கெட்டுப்போனதாம். இரவில் மின்சாரம் கொடுக்காமல் விட்டதால் வந்த வினை. வெப்பநிலை சரியாக இருந்ததாக எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். மாட்டேன் என்று சொல்லி அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர், வீட்டு வாசலுக்கு வந்ததும் வாய் வரவில்லை என்றார்.

"அங்க இன்னா பண்ணன்னு கேட்டா ஒன்னியும் பண்ணல சார். தூரத்துல கப்பலு நிக்கும். காலைல ஒரு பக்கமா பாத்துகினு நிக்கும், மத்தியானம் அதுவே திரும்பிகினு நிக்கும். எப்ப திரும்பிச்சின்னு பாத்துடணும்னு குந்தினு இருப்பேன். ஒரு நாளும் பாக்க முடியல. கொக்கு வரும். பொம்பளங்க இடுப்புத் தண்ணில குந்திகினு கையால இறாலு பொறுக்குவாங்க. அந்தாண்ட புகைபோக்கி. ஆத்துல சாம்பலு கலந்து வர்ற எடம் ஒரு கலரு, கடலு உள்ள வர்ற எடம் ஒரு கலரு. ரெண்டும் சேர்ற கோடு தள்ளிகினே போவும். அத்தப் பாத்துகினு இருந்தா சங்கு ஊதிடும். எந்தக் கம்பெனி சங்கோ. எனுக்கு ஊதறாப்பல இருக்கும். வண்டிய எடுத்துகினு வூட்டுக்கு வந்துடுவேன்."

சார் மறுபடி கண்ணை மூடியிருந்தார். அவர் எவ்வளவு நேரம் அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்த மதியத்தில் ஆபீஸே கொஞ்சம் தண்ணீரில் மிதப்பது போலிருந்தது. பிறகு சார் கேட்டார்:

"டில்லிபாபு, முதல் பில் போட்ட நாள்தான் தொழில் தொடங்கின நாள்னு சட்டம் சொல்லல. வேலை செய்யத் தயாரா வாசல்ல போய் நின்ன நாளே போதும். அப்படி ஒரு நாள் இருக்கா?"

இருந்தது. அக்டோபர் நடுவில் ஒரு நாள் பாரிமுனையில் பிரஷர் பார்க்கும் கேஜும் மீட்டரும் வாங்கினாராம். மறுநாள் வல்லூர் பக்கம் ஒரு யார்டு வாசலில் போய் நின்றார். செக்யூரிட்டி, "எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். பதினாறு வருடம் வாயில் வந்த பேர் வந்துவிடப் பார்த்ததாம். அடக்கிக்கொண்டார்.

"'சொந்தம்'னேன் சார். அவன் சிரிச்சான். சீட்டுல கம்பெனி பேருன்னு கீற எடத்துல நீயே எழுதுன்னான். எழுதினேன். உள்ள ஒரு பொட்டி ஓடாம கெடந்துச்சி. துட்டு வாணா, ஓட வெச்சிக் காட்டறேன்னேன். ரெண்டு மணி நேரத்துல ஓட வெச்சேன். நவம்பர்லதான் அவங்களே கூப்ட்டாங்க."

"கேஜ் வாங்கின பில் இருக்கா?"

"கீது சார்."

"அந்த வாசல் சீட்டு?"

டில்லிபாபு உதட்டைப் பிதுக்கினார். "அது எங்க கெடக்குதோ."

"எங்கயும் கெடக்கல" என்றார் குமுதா. "அன்னிக்கிக் காலைல கம்பெனி சட்ட போடல நீ. கோடு போட்ட சட்ட போட்டுகினு போன. சாயங்காலம் தோய்க்கசொல்ல பாக்கெட்ல சீட்டு. உன் கையெழுத்து. அத்த எடுத்து ரேஷன் கார்டு பையில வெச்சிகினேன். அன்னிக்கி வஞ்சிரம் வாங்கி வறுத்தேனே, இன்னா விசேஷம்னு ஒரு வார்த்த கேட்டியா?"

டில்லிபாபு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. குமுதா அவர் தோளைத் தொடவில்லை. அவர் முழங்கை பட்டு மேசையிலிருந்து நழுவிய பில்களைக் குனிந்து பொறுக்கி வரிசை கலையாமல் என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை சீட்டு வந்தது. மஞ்சள் காகிதம், தேதி, நேரம், வண்டி எண். பெயருக்குக் கீழே சாய்ந்த எழுத்தில் 'சொந்தம்'. பதிலைத் தயாரிக்க மூன்று நாள் ஆனது. சர்வீஸ் பில் இரண்டை வைத்து அந்தத் தேதியில் மீட்டர் எண்ணைக் கணக்கிட்டோம். அதற்கு முந்தைய எல்லாவற்றையும் கைவிட்டோம். பிந்தையதில் வீட்டு உபயோகம் எவ்வளவு என்று சார் கேட்டபோது, குமுதாவே ஞாயிற்றுக்கிழமைகளை விரல் விட்டு எண்ணி, ஐந்தில் ஒரு பங்கு கழித்துக்கொள்ளச் சொன்னார். நெட்டுகுப்பத்து மாதங்களை என்னவென்று எழுதுவது என்று எனக்குத் தயக்கம். "வேலை தேடி அலைந்ததாகப் போடலாமா சார்?" என்றேன். ஒருவேளை அதிகாரி ஒப்புக்கொள்ளலாம்.

"அவர் தேடல சுகந்தி. உக்காந்திருந்தார்" என்றார் சார். "சொந்த உபயோகம்னு போடு. அதுக்குமேல கவர்மென்டுக்குத் தெரிய வேண்டியதில்ல."

டேங்கர் வரிசையையும் வல்லூரின் வெள்ளையையும் யார்டு வாசலில் நிற்கும் நேரத்தையும் ஒரு முழுப் பக்கம் எழுதினோம். சார் அதை நான்கு முறை திருத்தினார். யாரோ ஓர் அதிகாரி, எங்கேயோ ஓர் ஊரில், அதைப் படித்தார். மே மாதம் உத்தரவு வந்தது. சீட்டின் தேதியிலிருந்து கேட்டதை அப்படியே ஏற்றிருந்தார்கள். விட்டுக்கொடுத்த மாதங்களுக்கு உண்டான வரியையும் வட்டியையும் மட்டும் கட்டச் சொல்லியிருந்தார்கள், அபராதம் இல்லை. டில்லிபாபு ஒரு வாரத்தில் கட்டிவிட்டு, ரசீதைக் கொடுக்க வந்தார். சட்டைப் பையின்மேல் வெள்ளை நூலில் அவர் பெயரே தைத்திருந்தது. தையல் கொஞ்சம் கோணல். "குமுதா கைவேல யக்கா" என்றார்.

அடுத்த வருடத்திலிருந்து வண்டி நோட்டைக் குமுதாவே எழுத ஆரம்பித்தார். தேதி, கிளம்பிய எண், வந்த எண், போன இடம், காரணம் என்று ஐந்து கட்டம். பெரிய பெரிய எழுத்து. வல்லூர், கம்ப்ரசர். மணலி, வயரிங். மீஞ்சூர், கேஸ் நிரப்ப. அதைப் பார்த்துக்கொண்டு வந்தபோது மாதத்துக்கு ஒரு முறை, ஏதாவது ஒரு வேலைநாளில், நெட்டுகுப்பம் என்று இருந்தது. காரணம் கட்டத்தில் ஒரே சொல்: 'சும்மா.'

போன் செய்து கேட்டேன். "சின்னம்மாவைப் பார்க்கவா போறீங்க?"

"இல்ல யக்கா" என்றார் குமுதா. "நானும் அவரும் போறோம். எனுக்கு ஸ்கூல் லீவு வுட்டா சோறு கட்டிகினு போயி, அவரு குந்தினு இருந்த எடத்துலயே குந்திகினு வருவோம். அந்தக் கப்பலு எப்ப திரும்புதுன்னு நானும் பாக்கறேன், தெரியவே மாட்டேங்குது."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அது தொழில்ல வராதில்ல? கழிச்சிடு யக்கா" என்றார்.

போய்வர இருபது கிலோமீட்டர். பன்னிரண்டு மாதம். கழித்துவிட்டேன்.